எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து தாமரைப்பாக்கம் வரை: சேற்றில் கன உலோகம் தேடி

புறப்படுவதற்கு முந்தைய நாள்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயில், எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையே கொசஸ்தலையாற்றைக் கடக்கிறது. அந்தப் பாலத்தில் ஜன்னலோரம் நின்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அலையாத்தித் திட்டுகள், இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், எல்லாம் ஒரே பார்வையில் படும். மீனவர்களும் இருளர் குடும்பங்களும் பொழுதெல்லாம் கைவைக்கிற அந்தச் சேற்றில் என்ன உலோகம், எவ்வளவு, எங்கிருந்து வந்தது? இந்தப் பயணத்தின் வேலை அதைக் கண்டறிவது.

மாசி மாதத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வடிந்து, அது கொண்டுவந்த வண்டல் படிந்து அடங்கியிருக்கும். ஆனால் ஒரே பருவத்து மாதிரியை வைத்து முடிவு சொல்லக் கூடாது. மழைக்கு முன், ஆவணியில் இன்னொரு சுற்று அதே புள்ளிகளில் எடுத்தாக வேண்டும். வெள்ளம் பழைய சேற்றை அரித்துக்கொண்டும் போகும், புதியதைக் கொட்டிவிட்டும் போகும்.

இன்றைய வேலை முழுக்கப் பாத்திரம் கழுவுவதுதான். மாதிரி தொடும் பிளாஸ்டிக் பொருள் எல்லாவற்றையும் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, தூசி படாமல் உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் அடுக்க வேண்டும். பையில் என்ன இருக்கக் கூடாது என்ற பட்டியல்தான் இதைவிட முக்கியம். கல்வனைஸ் வாளி கூடாது, அதில் துத்தநாகம். பித்தளைச் சல்லடை கூடாது, செம்பும் துத்தநாகமும். பவுடர் தூவிய ரப்பர் கையுறையிலும் துத்தநாகம் இருக்கும், அதனால் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை. வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பில் துத்தநாக ஆக்சைடு உண்டு, மாதிரி எடுப்பவர் கையில் அது வேண்டாம். மஞ்சள், சிவப்பு மூடிகளின் நிறமியில் காட்மியம் இருக்கக்கூடும், நிறமற்ற மூடியே நல்லது. பாதரசத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடிக் குப்பி வேண்டும், மெல்லிய பிளாஸ்டிக் வழியே பாதரச ஆவி உள்ளேயும் வரும், வெளியேயும் போகும்.

முதல் நாள்: முகத்துவாரம்

இந்தக் கரையில் ஓதத்தின் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி வற்றுவதன்) ஏற்ற இறக்கம் பெரியதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும், அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட வராது. அதனால் அமாவாசையை ஒட்டிய நாட்களின் வற்றம்தான் சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும் நேரம். வற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓத அட்டவணை சென்னைத் துறைமுகத்துக்கானது, உப்பங்கழியின் உள்பகுதிக்கு வற்றம் அதற்கும் பிந்தியே வந்து சேரும். எவ்வளவு பிந்தும் என்பதைக் கழியோர மீனவ ஊரான காட்டுக்குப்பத்துப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அட்டவணையில் இல்லாததை அவர் சொல்வார்.

முகத்துவாரத்தில் எடுத்த மாதிரி ஏறக்குறைய முழுவதும் மணல். கடற்கரை நெடுக மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்கிறது, அதுதான் வாயை அடைக்கிறது. மணலில் உலோகம் குறைவாகவே இருக்கும். ஆகவே இங்கே குறைந்த எண் கிடைத்தால் ‘முகத்துவாரம் சுத்தம்’ என்று எழுதிவிடக் கூடாது. உலோகம் ஒட்டுவது களிமண் துகளிலும், இரும்பு-மாங்கனீசு ஆக்சைடுப் பூச்சிலும், கரிமப் பொருளிலும். குவார்ட்ஸ் மணல் அதையெல்லாம் நீர்த்துப்போகச் செய்யும். மணலுக்கிடையே மெல்லிய கருப்புக் கீற்று தெரிந்தால் அது பெரும்பாலும் இல்மனைட், மேக்னடைட் போன்ற கனிமக் கருமணல். அதில் இயற்கையாகவே குரோமியமும் வனேடியமும் அதிகம். அந்தக் கீற்றை அள்ளிவிட்டு ஆலையைக் குறை சொன்னால் வாதம் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

ஆழமான இடங்களில் வான் வீன் அள்ளி, அதாவது கயிற்றில் இறக்கி அடிச்சேற்றைக் கவ்வி எடுக்கும் உலோகக் கருவி. அதை இறக்குமுன் படகின் எஞ்சினை நிறுத்தி, ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் படகைத் திருப்பி, முன்புறத்திலிருந்து இறக்க வேண்டும். படகின் அடியில் பூசிய பெயின்டில் செம்பு இருக்கும், பின்புறத்தில் எஞ்சின் எண்ணெய் கசியும். அள்ளி மேலே வந்ததும் வாயைப் பார்க்க வேண்டும். சிப்பி சிக்கி வாய் திறந்திருந்தால் மேல்படலம் கழுவிப் போயிருக்கும், கொட்டிவிடலாம். மேல்மூடி வரை சேறு நிரம்பி வழிந்தாலும் கொட்டிவிடலாம், அது ஆழப் புதைந்து மேல்பரப்பைக் குலைத்துவிட்டது என்று பொருள். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால்தான் நல்ல மாதிரி. அந்த நீரை மெல்ல வடித்துவிட்டு, நடுப்பகுதியில், உலோகச் சுவரைத் தொடாமல், பிளாஸ்டிக் கரண்டியால் மேல் 5 செ.மீ. மட்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று அள்ளல்களைக் கலந்து ஒரு மாதிரி, சுமார் 500 கிராம் ஈரச் சேறு. பத்துக்கு ஒரு புள்ளியில் இரட்டை மாதிரி. எல்லாம் 4 டிகிரியில் ஐஸ் பெட்டிக்குள்.

இரண்டாம் நாள்: கால்வாய் சேரும் இடமும் சாம்பலும்

தெற்கிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வந்து ஆற்றில் சேரும் இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்த வழியாகத்தான் கழிக்குள் புகுந்தது. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களிலும், வலைகளிலும், படகுகளிலும் அப்பியது. எண்ணெய்ப் படலம் கண்ணுக்கு மறைந்த பிறகும் சேற்றில் அதன் தடத்தைத் தேட வழி உண்டு: கச்சா எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் கூடவே வரும். அதனால் இங்கே எடுக்கும் மாதிரிகளில் ஈயம், காட்மியம், பாதரசம் என்ற வழக்கமான பட்டியலோடு வனேடியத்தையும் சேர்த்தாக வேண்டும். ஆனால் நேற்றுச் சொன்ன கருமணலிலும் வனேடியம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. டைட்டானியத்தோடு சேர்ந்து ஏறுகிறதா, எண்ணெய் ஹைட்ரோகார்பனோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பார்த்தால் இரண்டும் பிரியும். ஹைட்ரோகார்பனுக்குத் தனிக் கண்ணாடிக் குப்பியில் இன்னொரு பங்கு.

ஆற்றின் மேல்பக்கம் போகப் போகச் சேற்றின் நிறம் மாறுகிறது. இயல்பான கழிச் சேறு மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, கீழே கருப்பு, அழுகிய முட்டை வாடை. சாம்பல் படிந்த இடத்தில் அது வெளிர்சாம்பல் நிறம், விரலில் தேய்த்தால் களிமண்ணின் வழுவழுப்பு இல்லை, வாடையும் குறைவு. அனல்மின் நிலையச் சாம்பலைக் குழம்பாக்கிக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசியும்போதெல்லாம் சாம்பல் ஆற்றில் இறங்கியிருக்கிறது.

கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது. சேற்று ஆய்வுகளில் உலோக அளவை அலுமினியத்தால் வகுத்துச் சீராக்குவது வழக்கம். அலுமினியம் களிமண்ணின் அளவைக் காட்டும், மனிதர்களால் பெரிதாகக் கூடாது என்பது அதன் அடிப்படை. எண்ணூரில் அந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. நிலக்கரிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான். சாம்பல் ஆர்செனிக்கையும் குரோமியத்தையும் கொண்டுவரும்போது அலுமினியத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. மேலே உள்ள எண்ணும் ஏறுகிறது, வகுக்கும் எண்ணும் ஏறுகிறது, விடை ‘செறிவு இல்லை’ என்று வருகிறது. மாசே தன்னை மறைத்துக்கொள்ளும் கணக்கு அது. மணலை விட்டு 63 மைக்ரானுக்குக் கீழான நுண்துகளை மட்டும் பிரித்தாலும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது, சாம்பல் துகளில் பெரும்பங்கும் அந்த அளவுக்குள்தான் இருக்கும்.

வழி ஒன்றுதான், சாம்பலை நேரில் பார்ப்பது. ஒரு சிட்டிகை உலர்ந்த சேற்றைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி 400 மடங்கு நுண்ணோக்கியில் வைத்தால், கூர்முனை மணல் துகள்களுக்கிடையே பளிங்கு போன்ற முழு உருண்டைகள் தெரியும். உருகி உறைந்த சாம்பல் துகள்கள் அவை. ஆற்று வண்டலில் அப்படி உருண்டை இராது. ஒவ்வொரு மாதிரியிலும் 300 துகள்களை எண்ணி, அதில் உருண்டை எத்தனை என்று எழுதிவைத்தால், பிறகு உலோக எண்களை எந்தக் கணக்கில் வகுப்பது என்பதை முடிவுசெய்ய அதுவே துணை. காந்தத்தை நம்பக் கூடாது, காந்தம் சாம்பல் உருண்டையையும் இழுக்கும், மேக்னடைட்டையும் இழுக்கும்.

மூன்றாம் நாள்: அலையாத்திக் காட்டில் ஒரு குழாய்

மேல்சேறு இன்றைய நிலையைச் சொல்லும். நேற்றைய நிலைக்கு ஆழம் வேண்டும். கழியில் அடிக்கடி தூர்வாருவதால் நடு ஆற்றில் அடுக்கு கலைந்திருக்கும், அலையாத்தித் திட்டின் உள்பகுதிதான் தகுந்த இடம். நண்டு வளை நெருக்கமாக உள்ள இடத்தை விட்டு விலக வேண்டும். நண்டு அரை மீட்டர் ஆழத்துச் சேற்றை மேலே கொண்டுவந்து போடும்.

சேற்றில் இறக்கி, அடுக்கு கலையாமல் தூக்கி எடுக்கும் குழாய் 7.5 செ.மீ. விட்டம், 1 மீட்டர் நீளம், அடிமுனை சாய்வாகச் சீவியது. அக்ரிலிக் குழாய் விலை கூடுதல், ஆனாலும் அதுவே வேண்டும். கடையில் கிடைக்கும் பிவிசி குழாய்களில் ஈய உப்பை நிலைப்படுத்தியாகச் சேர்ப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது, அப்படிப்பட்ட குழாய் கிடைத்தால் ஈயத்தைத் தேடப் போகும் இடத்துக்கு ஈயத்தைக் கொண்டுபோவதாகிவிடும். வேறு வழியில்லாமல் பிவிசி எடுத்தால், பின்னால் வெட்டும் ஒவ்வொரு சேற்று வில்லையிலும் வெளிவிளிம்பு 1 செ.மீ.யை வெட்டி எறிய வேண்டும்.

குழாயைச் சுழற்றாமல் நேராக அழுத்த வேண்டும். இறக்கி முடித்ததும் இரண்டு அளவு: குழாயின் மேல்முனையிலிருந்து வெளித்தரைக்கு எவ்வளவு, உள்ளே இருக்கும் சேற்றின் தலைக்கு எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேறு அமுங்கிய அளவு. வேர் அதிகமுள்ள இடத்தில் இது 10 செ.மீ.க்கு மேலும் போகும். இதை எழுதாமல் விட்டால் பின்னால் போடும் ஆண்டுக் கணக்கு முழுவதும் பிசகும். பிறகு மேல்முனையில் நீர் நிரப்பி மூடியால் இறுக்கி, வெற்றிடப் பிடியோடு மெல்ல இழுத்து, வெளிவந்த கணமே அடிமூடி. கரைக்கு நிமிர்த்தியபடியே தூக்கிவர வேண்டும், படுக்கவைத்தால் மேல்படலம் வழிந்து கீழடுக்கைப் பூசிவிடும்.

வெட்டுவது அன்றைக்கே: மேல் 10 செ.மீ. வரை 1 செ.மீ. வில்லை, அதற்குக் கீழே 2 செ.மீ. வெட்டும் தகடு டெஃப்லான் அல்லது தடித்த பிளாஸ்டிக். சல்பைடு அளக்கும் பங்கை எல்லாவற்றுக்கும் முன் எடுத்து, குப்பியில் காற்றுக்கு இடமே இல்லாமல் அடைத்து, உறையவைக்க வேண்டும். அரை மணி நேரம் வெளிக்காற்று பட்டாலே கருப்பு பழுப்பாக மாறத் தொடங்கும். அந்த நிறமாற்றத்தில் சல்பைடு சிதைந்து அதில் சிறைப்பட்டிருந்த உலோகமும் விடுபடுகிறது. தூர்வாரிய சேற்றைக் கரையில் குவித்தால் நடப்பதும் இதுவேதான்.

ஒவ்வொரு அடுக்கும் படிந்த ஆண்டைக் கணிக்க ஈயம்-210, காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்க ஈயம். அரையாயுள் 22.3 ஆண்டு, ஒரு நூற்றாண்டு வரை பின்னே போகலாம். சீசியம்-137 இருந்தால் 1963-ன் அணுகுண்டுச் சோதனை உச்சம் ஒரு தனிச் சாட்சி. எண்ணூருக்கென்று சரிபார்க்க வேறு குறிகளும் உண்டு: முதல் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது, துறைமுகம் 2001-ல் வந்தது, ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் 2000 பிப்ரவரியில் நின்றது. சாம்பல் உருண்டைகள் முதன்முதலில் தோன்றும் ஆழம் 1970-க்கு முந்தையதாகக் கணக்கு வந்தால், தவறு கணக்கில்தான் இருக்கிறது.

நான்காம் நாள்: ஆற்றின் மேலே

இன்று கடலுக்கு முதுகைக் காட்டிய பயணம். மீஞ்சூர் வழியே வல்லூர் அணைக்கட்டு, அங்கிருந்து இன்னும் மேலே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு. தொழிற்சாலைக்கு முந்தைய சேறு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் ஒரு எண்ணையும் மாசு என்று சொல்ல முடியாது. வல்லூர் வரை வந்து நின்றுவிடலாம்தான், ஆனால் அங்கே புகைபோக்கிகள் பக்கத்திலேயே இருக்கின்றன, மேல்பரப்பில் காற்றுவழிச் சாம்பல் விழுந்திருக்கும். ஆகவே இரண்டு இடத்திலும் ஆற்றங்கரை வண்டலில் குழிதோண்டி 40 முதல் 60 செ.மீ. ஆழத்து மாதிரி. வயலை ஒட்டிய கரை வேண்டாம், பாஸ்பேட் உரத்தில் காட்மியம் வரும். இந்த மாதிரிகளும் நேற்றைய குழாயின் அடிவில்லைகளும் ஒத்துப்போனால் அதுவே இவ்வாற்றின் இயல்பளவு.

ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: உலர்த்தல்

வேகமாகச் சொல்லிவிடலாம். 40 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தல், பாதரசப் பங்கை உறைநிலை உலர்த்தியில் மட்டும். அகேட் உரலில் மெல்லக் கட்டி உடைத்தல், இடிக்கக் கூடாது, இடித்தால் மணல் பொடியாகி நுண்துகளோடு சேரும். நைலான் சல்லடை 2 மி.மீ., பிறகு 63 மைக்ரான்.

பலரும் தவறவிடுவது உப்பு. 100 கிராம் ஈரச் சேற்றில் 60 கிராம் கடல்நீர் என்று வைத்துக்கொண்டால், அது உலரும்போது சுமார் 2 கிராம் உப்பை விட்டுச் செல்லும். 40 கிராம் சேற்றோடு அந்த உப்பும் எடையில் ஏறுவதால் எல்லா உலோக அளவும் 5 சதவீதம் குறைந்து தெரியும். தண்ணீரில் கழுவி உப்பை நீக்கலாம் என்று தோன்றும். கழுவினால் தளர்வாக ஒட்டிய காட்மியமும் கூடவே போய்விடும். உப்புத்தன்மையை அளந்து கணக்கில் கழிப்பதே சரி.

எட்டாம் நாள்: கரைத்தல்

0.5 கிராம் சேறு, 9 மி.லி. நைட்ரிக் அமிலம், 3 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், மூடிய டெஃப்லான் கலம், மைக்ரோவேவ் அடுப்பில் 175 டிகிரி. அமிலம் ஊற்றியதும் மூடக் கூடாது. சிப்பித்தூள் உள்ள கழிச் சேறு நுரைத்துப் பொங்கும், 15 நிமிடம் திறந்துவைத்த பிறகே மூடி. ஆறியபின் 50 மி.லி.க்கு நிரப்பினால், கரைசலில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது சேற்றில் கிலோவுக்கு 0.1 மி.கி.

இந்த முறை சிலிக்கேட்டைக் கரைக்காது, சாம்பல் உருண்டையின் கண்ணாடியையும் முழுதாகக் கரைக்காது. முழு அளவு வேண்டுமென்றால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம்தான். அது தோலில் பட்டால் முதலில் வலிக்காமலும் இருக்கலாம், உள்ளே இறங்கி எலும்புவரை அரிக்கும். கால்சியம் குளூக்கோனேட் களிம்பு மேசைமேல் திறந்து வைக்கப்படாத இடத்தில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. தனியாளாகவும் செய்யக் கூடாது. எண்ணூர் மாதிரிகளில் மூன்றில் ஒன்றையாவது இரண்டு வழியிலும் கரைத்தால், கண்ணாடிக்குள் அடைபட்டது எவ்வளவு, அமிலத்துக்கு வெளிவருவது எவ்வளவு என்று தெரியும். உயிர்களுக்கு உடனடி ஆபத்து இரண்டாவதிலிருந்துதான்.

ஒவ்வொரு தொகுதியிலும் சேறில்லாத வெற்றுக்கலம் இரண்டு, சான்றளிக்கப்பட்ட கடற்சேறு ஒன்று. கனடாவின் பாக்ஸ், மெஸ் வரிசைத் தரமாதிரிகள் இதற்கு ஏற்றவை. அவற்றின் சான்றெண் முழு அளவைக் குறிப்பது. ஹைட்ரோஃப்ளூரிக் இல்லாமல் கரைத்துவிட்டு ‘குரோமியம் குறைகிறதே’ என்று கருவியைத் திட்டிப் பயனில்லை, அது கரையாத குரோமைட்டுக்குள் இருக்கிறது.

ஒன்பதாம் நாள்: கருவி

தனிமங்களை அயனியாக்கி அவற்றின் நிறையால் பிரித்தறியும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆர்செனிக் நிறை 75. ஆர்கான் 40-ம் குளோரின் 35-ம் ஒட்டினாலும் 75. வனேடியம் 51, குளோரின் 35-ம் ஆக்சிஜன் 16-ம் சேர்ந்தாலும் 51. கடற்சேறும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் குளோரினை அள்ளித் தருகின்றன. எண்ணூரில் சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் சாட்சி சொல்லும் இரண்டு தனிமங்களும் இந்தப் பொய்க்குள் மாட்டுகின்றன. இந்தப் போலி அயனிகளை வடிகட்டும் ஹீலியம் மோதல் அறையை இயக்காமல் எடுத்த ஆர்செனிக், வனேடிய எண்களை ஏற்கக் கூடாது. கரைந்த திடப்பொருள் 0.2 சதவீதத்துக்கு மேல் போகாதபடி நீர்த்து, கருவியின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் உள்தரமாக ரோடியமோ இண்டியமோ சேர்த்து, பத்து மாதிரிக்கு ஒருமுறை தரக்கரைசலை மீண்டும் ஓட்ட வேண்டும்.

பத்தாம் நாள்: கணக்கு

வெறும் எடுத்துக்காட்டு எண்கள்: மணல் மாதிரியில் ஈயம் கிலோவுக்கு 12 மி.கி., அலுமினியம் 2 சதவீதம். சேற்று மாதிரியில் ஈயம் 30, அலுமினியம் 8. ஒப்பீட்டுக்கு உலகச் சராசரிக் களிப்பாறை, ஈயம் 20, அலுமினியம் 8. மாதிரியின் ஈய-அலுமினிய விகிதத்தைக் களிப்பாறையின் விகிதத்தால் வகுத்தால் வருவது செறிவுக் காரணி: மணலில் 2.4, சேற்றில் 1.5. ஈயம் அதிகமுள்ள சேற்றைவிடக் குறைவாக உள்ள மணலில்தான் வெளியிலிருந்து வந்த பங்கு கூடுதல்.

அடுத்தது 1969-ல் முல்லர் தந்த புவிச்சேர்வுக் குறியீடு: அளவை இயல்பளவின் 1.5 மடங்கால் வகுத்து, 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை. ஈயம் 60, இயல்பளவு 20 என்றால் விடை 1. நான்காம் நாள் தோண்டிய மண் இயல்பளவு 10 என்று சொன்னால் அதே சேற்றுக்கு விடை 2. ஒரு முழு வகுப்பு ஏறிவிட்டது. உலகச் சராசரியைக் கண்ணை மூடி எடுத்துப் போடும் அறிக்கைகளை எச்சரிக்கையாகப் படிக்க இதுவே காரணம்.

அமெரிக்கக் கடற்சேற்று வழிகாட்டு அளவுகளையும் அப்படியே ஒட்டக் கூடாது. நிக்கலுக்கு உயிரினப் பாதிப்பு தொடங்கும் அளவு 20.9, பாதிப்பு பெரும்பாலும் நிகழும் அளவு 51.6. களிப்பாறைச் சராசரியோ 68. மனிதக் கை படாத களிமண்கூட அந்தக் கணக்கில் நச்சாகிவிடும். ஹக்கான்சனின் சூழல் அபாயக் குறியீட்டில் காட்மியத்துக்கு 30 மடங்கு எடை, பாதரசத்துக்கு 40. இயல்பளவு 0.3 மட்டுமே உள்ள காட்மியத்தில் ஒரு வண்ண மூடி செய்யும் பிழை மொத்தக் குறியீட்டையும் தூக்கிவிடும். மேலும் அவர் 1980-ல் வகுத்த 150, 300, 600 என்ற எல்லைகள் எட்டு மாசுகளுக்கானவை. ஐந்து உலோகத்தை மட்டும் அளந்துவிட்டு அதே எல்லைகளை வைப்பது அபாயத்தைக் குறைத்துக் காட்டும்.

காட்டுக்குப்பத்தில் கேட்பது வேறு கேள்வி: ‘இறாலைச் சாப்பிடலாமா?’ சேற்று எண் அதற்கு விடை தராது. அதற்கு இறாலும் ஆளியும் தனியே எடுத்து, குடலைச் சுத்தமான கழிநீரில் ஒரு நாள் வெளியேற்றவிட்டு, சதையைத் தனியாகக் கரைக்க வேண்டும். அதே புள்ளிகளின் சேற்றில், உலோகத்தை மூன்று கட்டமாகக் கரைத்தெடுக்கும் முப்படிப் பிரித்தெடுப்பும் செய்ய வேண்டும். முதல் படியில் 0.11 மோலார் அசெட்டிக் அமிலம் 40 மி.லி.யில் 1 கிராம் சேறு 16 மணி நேரம் குலுக்கப்படும். அதில் வெளிவரும் பங்குதான் இறாலின் உடலுக்குள் எளிதில் ஏறக்கூடியது. மீதச் சேறு புள்ளிக்கு 50 கிராம் வீதம் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. ஆவணி வற்றத்துக்கு அதே ஜிபிஎஸ் புள்ளிகள், அதே படகு.